விளையாடி முடித்த பொம்மைகள்

பெட்டியின் அடிப்பக்கத்தில், பட்டைக் கோடுகளுக்கும் விலைச் சீட்டுக்கும் நடுவே, கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற பொடி எழுத்தில் ஒரு வரி: 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உள்ளே இருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு பொம்மை. முயல்போல நீண்ட காது, ஒன்பது பல்லும் தெரிய ஒரு சிரிப்பு, எங்கோ வம்பு செய்துவிட்டு வந்து நிற்கிற பார்வை. நாலு வயதுப் பிள்ளை கண்டால் கை நீட்டாமல் இருக்காது. அந்தக் கையைத்தான் இந்த வரி தட்டிவிடுகிறது. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 2008இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கென்று செய்யப்படும் பொருளை வெளி ஆய்வகம் ஒன்று சோதித்தாக வேண்டும். ஈயம் எவ்வளவு, பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட் எவ்வளவு, பிய்ந்து வரும் துண்டு தொண்டையில் சிக்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். சில நூறு பொம்மைகளை மட்டும் வார்த்து விற்கிற ஓர் ஓவியருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. பெரிய கம்பெனிக்கும் வயதை ஏற்றி எழுதிவிடுவது சௌகரியம். இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த வரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நண்பரிடம் சொன்னேன். கொலுப் பொம்மையை நம் வீட்டில் தொடவிடுவார்களா, அதுபோலத்தான் இதுவும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொலுப் படியில் இருப்பவர்கள் கடவுளர்கள், ராஜா ராணி, கடை விரித்த செட்டியார். சில நாள் வீற்றிருந்து காட்சி தந்துவிட்டுப் பரணுக்குப் போவது அவர்கள் வேலை. அவற்றை யாரும் விளையாட்டுச் சாமான் என்று விற்றதில்லை. இந்த வினைல் பொம்மைகளுக்கோ தலை திரும்புகிறது, தோள் சுழல்கிறது, சிலவற்றுக்கு மணிக்கட்டுகூட. வா, வந்து விளையாடு என்று அழைப்பதற்காகவே செய்த உடம்பு. அழைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது.

டிசைனர் டாய் என்று உலகம் அழைக்கும் இந்தக் கலை 1999இல் ஹாங்காங் ஆர்ட்ஸ் சென்டரில் மைக்கேல் லாவ் வைத்த கண்காட்சியில் பிறந்தது என்பார்கள். இரண்டு ஆண்டு முன்னதாகவே டோக்கியோவின் ஹராஜுகுவில் பவுன்ட்டி ஹன்டர் என்ற துணிக்கடை கிட் ஹன்டர் என்றொரு வினைல் பொம்மையை விற்றுவிட்டது, ஆகவே பிறப்பிடம் ஜப்பான்தான் என்று வாதாடுபவர்களும் உண்டு. பிறப்பிடச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. லாவின் கைகள் என்ன செய்தன என்பதில்தான் அக்கறை. அவர் பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்த கார்டனர் என்ற சித்திரக் கதையின் ஆட்களுக்கு உடம்பு தேட வேண்டியிருந்தது. புதிதாக உடம்பு செய்ய அவர் முனையவில்லை. ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குல அமெரிக்கச் சிப்பாய்ப் பொம்மையை எடுத்தார். 1964இலிருந்து பையன்களின் கைகளில் புரண்ட பொம்மை அது. சீருடையைக் கழற்றினார், தலையைப் பிடுங்கினார். அந்தக் கழுத்தில் தான் வனைந்த தலைகளை வைத்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கால்சட்டை தைத்தார், காதில் வளையம் போட்டார், தோளில் பச்சை குத்தினார், காலுக்கு ஸ்னீக்கர், கைக்கு ஸ்கேட்போர்டு. ஏறத்தாழ நூறு பேர் அப்படி எழுந்து நின்றார்கள். போருக்குப் போக வேண்டிய உடம்புகள் தெருமுனையில் நின்று வெட்டிப் பேச்சு பேசின. ஓவியம் பயின்று, கடைகளின் கண்ணாடிச் சன்னலை அலங்கரித்துப் பிழைத்த ஒருவர் இதைச் செய்தார் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்தால், அக்காவின் பொம்மைத் தலையைத் தம்பியின் பொம்மை உடம்பில் சொருகுகிற ஏழு வயதுக் குறும்பன் செய்வதுதான் இது. லாவ் விளையாடினார். அப்புறம் அந்த நூறு பேரும் கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள், பார்க்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஹாங்காங்கில் இது நடந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தப் பொருத்தம் கொஞ்சம் கச்சிதமாக இருப்பதால் நம்பத் தயக்கமாகவும் இருக்கிறது. எழுபது, எண்பதுகளில் உலகின் குழந்தைகளுக்குப் பொம்மை அனுப்பிய ஊர்களில் ஹாங்காங்தான் முன்னால் நின்றது. தொழிற்சாலைக்குள் முடியாத வேலை குடியிருப்புகளுக்கு வரும். அடுக்குமாடியின் ஒற்றை அறையில் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து பிளாஸ்டிக் பூவுக்கு இதழ் கோர்ப்பார்கள், பொம்மைக்குக் கை மாட்டுவார்கள். எண்ணிக் கட்டி அனுப்பினால் எண்ணிக்கைக்குக் கூலி. அந்தப் பிள்ளைகளுக்குப் பொம்மை என்பது முதலில் வீட்டு வேலை. எங்கோ மேற்கில் ஒரு குழந்தை விளையாடுவதற்காக இங்கே ஒரு குழந்தை கை கடுக்க உழைத்தது. எண்பதுகளில் தொழிற்சாலைகள் எல்லை தாண்டி குவாங்டோங் மாகாணத்துக்குப் போய்விட்டன. போன பிறகு, அந்தத் தலைமுறை வளர்ந்து, இன்னொருவருக்காகக் கோர்த்த பொம்மையைத் தனக்காகச் செய்யத் தொடங்கியது என்று கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். லாவும், ப்ரூஸ் லீயை விதவிதமாக வடித்த எரிக் ஸோவும், கென்னி வோங்கும் வந்த தலைமுறை அதுதான். ஆனால் ஓர் ஓவியர் எதற்காக ஒரு பொருளைக் கையில் எடுக்கிறார் என்பதற்குப் பொருளாதார வரலாறு அவ்வளவு நேராகப் பதில் சொல்லுமா? அவர்களைக் கேட்டால் ஜப்பானிய தொலைக்காட்சியின் ராட்சசர்களைப் பற்றியும், கடைச் சன்னலில் பார்த்துவிட்டு வாங்க முடியாமல் போனவற்றைப் பற்றியும் பேசுவார்களாக இருக்கும். இல்லாத பொம்மையும் ஒருவரைப் பொம்மைக்காரராக ஆக்கும்.

ஜப்பானிய ராட்சசர்கள் என்றேன். அவற்றின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கலையில் எனக்குப் பொறாமை வருகிற இடம் அதுதான். ஸோஃபுபி என்று சொல்கிறார்கள், மென்மையான வினைல். அதற்கு முன் ஜப்பான் செல்லுலாய்டில் பொம்மை செய்து ஏற்றுமதி செய்தது. செல்லுலாய்டு தீக்குச்சி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் ஐம்பதுகளில் வெளிநாட்டுச் சந்தை கை விரித்தது, வினைல் வந்து உட்கார்ந்தது. 1966இல் மருசான் கம்பெனி காட்ஸில்லாவை வினைலில் விட்ட பிறகு ஒரு தலைமுறையே அந்த ராட்சசர்களோடு தூங்கி எழுந்தது. செய்முறை அன்றைக்கு இருந்தது போலவே இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். களிமண்ணில் வடித்த உருவை மெழுகில் எடுப்பார்கள். மெழுகின் மேல் மின்முலாம் வழியே செம்பைப் படியவிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே வெற்றிடமான ஒரு செப்பு அச்சு கிடைக்கும். தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. அதில் பாயசப் பதத்தில் இருக்கும் வினைலை ஊற்றி, சூடான எண்ணெயில் இறக்குகிறார்கள். அச்சின் சுவரைத் தொட்ட பாகம் மட்டும் தோலாக இறுகும். நடுவில் இறுகாமல் நிற்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தோலை மறுபடி வேக வைத்து, தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு வருவதுதான் விசேஷம். அச்சைப் பிளக்க முடியாது, அது ஒரே துண்டு. வாய் சின்னது, உள்ளே இருக்கும் தலையோ கொம்பும் தாடையுமாகப் பெரியது. சூடு இருக்கும்போதே குறட்டை விட்டுப் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, இழுக்கிறார் அச்சுக்காரர். தலை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, நசுங்கி, பிதுங்கி, வெளியே வந்ததும் மூச்சுவிட்டாற்போல மறுபடி தன் வடிவத்துக்கு விரிகிறது. சூடு கொஞ்சம் ஆறிவிட்டால் வராது, கொஞ்சம் அதிகமானால் கிழியும். எப்போது இழுப்பது என்பதை விரல்கள் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நொடியில் அச்சுக்காரர் ஒரு பிரசவம் பார்க்கிறார் என்று எழுதத் தோன்றுகிறது. வேண்டாம், அவர் குறடு பிடித்து இழுக்கிறார், அதுவே போதும். இன்றைக்குத் தனியாக இயங்கும் ஓவியர்கள் பலரும் இத்தகைய சின்னப் பட்டறைகளின் வரிசையில் காத்திருக்கிறார்கள். பொம்மையின் பாதத்தில் ஓவியரின் பெயர் பொறிக்கப்படுகிறது. குறட்டுக்காரருக்குப் பாதத்தில் இடம் இல்லை.

இன்னொரு வகைக்காரர்கள் இருக்கிறார்கள், கஸ்டம் செய்கிறவர்கள். இவர்கள் வார்ப்பதில்லை, வார்த்து முடித்து விற்பனைக்கு வந்ததை வாங்கிக் குலைக்கிறார்கள். 2002இல் பால் பட்னிட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய கிட்ரோபாட் கம்பெனி இவர்களுக்கென்றே மன்னி என்றொரு வெற்றுப் பொம்மையை விற்றது. கண் இல்லை, வாய் இல்லை, முழுக்க வெள்ளை. ஹேர் டிரையரைக் கழுத்தடியில் காட்டினால் வினைல் இளகும், தலை கழன்று கையோடு வரும். அறுவைக் கத்தியால் காதை வெட்டுவார்கள். இங்கே குழாய் ஒழுகினால் எம்-சீலை எடுத்து இரண்டு வண்ண உருண்டையைப் பிசைவோமே, அதே குடும்பத்து எபாக்சி மாவைப் பிசைந்து கொம்பு வைப்பார்கள், செதில் ஒட்டுவார்கள், இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அப்புறம் பிரைமர், அக்ரிலிக், ஏர்பிரஷ், மேலே ஒரு மங்கல் பூச்சு. பெயின்ட் தேர்விலும் சூட்சுமம் இருக்கிறது. கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ஸ்பிரேயை வினைல் மேல் அடித்தால் அது மாதக்கணக்கில் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கக்கூடும். வினைலுக்குள் இருக்கும் இளக்கி பெயின்டையும் இளக்கிவிடுகிறது. எல்லாம் சரியாக அமைந்து, காய்ந்து, பளிச்சென்று எழுந்து நிற்கும்போது ஒரு சிக்கல். தோளும் கழுத்தும் இன்னமும் சுழலக்கூடியவைதான். சுழற்றினால் மூட்டில் வண்ணம் உரசி உதிரும். ஆகவே விற்கும்போதே சொல்லி அனுப்புகிறார்கள்: கையைத் திருப்பாதீர்கள். சிலர் மூட்டையே மாவு வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

என் உறுத்தலுக்கு இங்கேதான் ஓர் உருவம் கிடைத்தது. வெட்டியது, பிடுங்கியது, மாற்றி மாட்டியது, உருக்கியது, மேலே கிறுக்கியது என்று ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை செய்யக்கூடிய அத்தனையையும் கஸ்டம்காரர் செய்து தீர்த்துவிட்டார். வாரக்கணக்கில் செய்திருக்கிறார். நமக்கு வந்து சேர்வது அந்த விளையாட்டு ஓய்ந்த பிறகு மிஞ்சியது. விளையாட்டு வாங்குகிறவரிடமிருந்து செய்கிறவருக்கு இடம் மாறிவிட்டது. பழைய பொம்மைக்காரர் அடக்கமானவர். மரத்தையோ மண்ணையோ பாதி வழிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார். மூக்கு ஏதோ ஒரு புடைப்பு, கண் இரண்டு புள்ளி. அவருக்குப் பெயர் கிடையாது என்பதும் இந்தப் பாதியில் நிறுத்துவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவையோ என்று சந்தேகிக்கிறேன். பெயர் போட வேண்டுமென்றால் முடித்தாக வேண்டும். முடித்துவிட்டால் அடுத்த கைக்கு வேலை இல்லை. மைக்கேல் லாவ் கலையெல்லாம் பொம்மை, பொம்மையெல்லாம் கலை என்கிறார். முதல் பாதியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். இரண்டாவது பாதியில்தான் ஏதோ ஒன்று கைநழுவிப் போகிறது. 1853இல் பொம்மையைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக் கவி போதலேர், பிள்ளைகள் பொம்மையை உடைப்பது அதன் ஆன்மாவைப் பார்ப்பதற்காக என்று எண்ணினார். கஸ்டம்காரர்களும் உடைக்கிறார்கள், உள்ளே காற்றுதான் இருக்கிறது என்று தெரிந்தே உடைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஆன்மா அல்ல போலும், தோல். அதே நாட்டு விமர்சகர் ரோலாண் பார்த் ஐம்பதுகளில் பிளாஸ்டிக் பொம்மைகளைத் திட்டி, மரப் பொம்மைகளுக்காக ஏங்கினார். அந்த ஏக்கம் எனக்கு ஒட்டவில்லை. குறட்டின் பிடியில் சுருண்டு விரிகிற அந்த வினைல் தலையை அவர் பார்த்திருந்தால் பிளாஸ்டிக்குக்கும் ஓர் உயிர்ப்பு உண்டு என்று கொஞ்சமாவது இறங்கி வந்திருப்பார்.

இருந்தாலும் என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன அந்த நீண்ட காதுப் பொம்மையை, லபுபுவை, பையில் தொங்கவிட்டுக்கொண்டு ரயில் ஏறுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கையளவு சட்டை தைக்கிறார்கள், குல்லாய் பின்னுகிறார்கள், கண்ணாடி மாட்டுகிறார்கள், கோடைக்கு ஓர் உடுப்பு, திருவிழாவுக்கு ஓர் உடுப்பு. ஹோட்டலில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். இது விளையாட்டு இல்லை என்றால் வேறு எது? ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங், வட ஐரோப்பிய நாட்டார் கதைகளின் குட்டிப் பிசாசுகளை நினைத்துக்கொண்டு 2015இல் தன் படக்கதைகளுக்காக வரைந்த உருவம் அது. கதைப்படி அது நல்ல பிசாசு, உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்துவிடும். பையில் தொங்குகிற லபுபுக்களில் எத்தனைக்கு அந்தக் கதை தெரிந்த எஜமானி வாய்த்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன். கதை தெரியாததுதான் நல்லதோ என்னவோ. தெரியாத இடத்தில் தையல் ஊசி நுழைகிறது. ஓவியர் முடித்து வைத்ததை இந்தப் பெண்கள் முடியாததாக ஆக்குகிறார்கள். ஆக, வாங்குகிறவருக்கு விளையாட்டே மிச்சமில்லை என்று முன்பு எழுதியதை அப்படியே நிறுத்திவைக்க முடியாது. பத்து வயதுப் பெண்ணிடம் அந்தச் சட்டையைப் போடும் உரிமை இல்லை, இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் இருக்கிறது என்று மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

குழந்தை விலகிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது, அதைச் சொல்லாமல் போவதும் நேர்மை ஆகாது. கென்னி வோங் 2006இல் ஒரு நிகழ்ச்சியில் படம் வரைந்துகொண்டிருந்த சிறுமியைச் சந்தித்தார், தன் பொம்மைக்கு வைத்த மோலி என்ற பெயர் அவளிடமிருந்து வந்தது என்பது அவர் சொல்லும் கதை. பெரிய கண், உப்பிய உதடு, சிரிப்பும் அழுகையும் இல்லாத ஒரு முகம். வாங் நிங் 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட் 2016இல் மோலியை மூடிய பெட்டிக்குள் வைத்து விற்றது. பன்னிரண்டு வகை, எது உள்ளே என்று தெரியாது. பட்டியலில் முகம் மறைத்த ரகசியப் பொம்மை ஒன்று, 144 பெட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில். இப்போது கடையில் நின்று கவனித்தால் யாரும் பொம்மையைப் பார்ப்பதில்லை. பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார்கள். உள்ளே நகர்வது கனமா லேசா, மூலையில் இடிக்கிறதா நடுவிலா. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள், திரும்பவும் முதலாவது. சூதாட்டக்காரனின் விரல்களுக்கு உள்ள அதே பக்தி. 2023இல் சீன அரசு எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டிகளை விற்கக் கூடாது என்று விதித்தது. சிறுமி ஒருத்தியிடமிருந்து புறப்பட்ட பொம்மை கடைசியில் சிறுமிகளுக்குத் தடை செய்யப்பட்ட பண்டமாயிற்று. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் 131 செ.மீ. உயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் தமிழில் தந்த மண்ணியல் சிறுதேர் நாடகத்தில், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் தேரைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவன் தன் மண் தேர் வேண்டாமென்று அழுவான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரில் நிரப்புவாள். அந்த நகைதான் பின்னால் சிறுவனின் தகப்பனைக் கொலைக் களம்வரை இழுத்துப் போகிறது. பொம்மைக்குள் பொன்னை வைத்தால் அது சாட்சிப் பொருளாகிவிடுகிறது என்று அந்த நாடகத்தின் மூல ஆசிரியர் சூத்திரகர் அறிந்திருந்தார்.

விலை ஏறினால் போலி வரும். லபுபுவின் போலிக்கு லஃபூஃபூ என்று செல்லப் பெயரே விழுந்துவிட்டது. வாங்குகிறவர்கள் மாட்டுச் சந்தையில்போலப் பல்லை எண்ணுகிறார்கள். ஒன்பது இருந்தால் அசல், எட்டோ பத்தோ என்றால் போலி. எனக்கு இந்தப் போலிகள் மேல் கோபம் வர மறுக்கிறது. ஏனென்றால் இந்தக் கலையே அடுத்தவர் பொருளில் கை வைத்துப் பிறந்தது. லாவ் ஜி.ஐ. ஜோவின் கழுத்தைத் திருகினார். காஸ் என்ற பெயரில் இயங்கும் பிரையன் டானலி பேருந்து நிறுத்தக் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து விளம்பரங்களை எடுத்துப்போய், அழகிகளின் முகத்தில் தன் பூதங்களைத் தீட்டி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். 1999இல் பவுன்ட்டி ஹன்டரோடு சேர்ந்து 500 எண்ணிக்கையில் அவர் வெளியிட்ட கம்பேனியன் பொம்மையின் கையுறையும் காலணியும் யாருடையவை என்று மிக்கி மவுஸைப் பார்த்த எவருக்கும் தெரியும். நியூயார்க்கில் சக்லார்ட் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர் ஸ்டார் வார்ஸ் சிப்பாய்களைச் சிலிக்கான் அச்செடுத்து, ரெசினில் வார்த்து, பிங்க் நிறத்தில் அட்டையில் ஒட்டி, திருட்டு என்று தானே பறைசாற்றி விற்றார். ஓவியர் தொழிற்சாலையிடமிருந்து எடுத்தால் அது கலை, தொழிற்சாலை ஓவியரிடமிருந்து எடுத்தால் அது குற்றம். இந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைவிட, யாருடைய கை அதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் எனக்குப் புலப்படவில்லை. பல் ஒன்று கூடிப்போன அந்த லஃபூஃபூவைச் செய்தவளும் ஒருவகையில் கஸ்டம்காரிதான், தெரியாமல் செய்தாள், அவ்வளவே. தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் கோணல் லஃபூஃபூ, வயது வரம்பு எதுவும் எழுதாத அந்தப் பொம்மை, ஒரு குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்வதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதில் என்ன இளக்கி கலந்திருக்கிறார்களோ என்ற பயமும் கூடவே வருகிறது.

செய்தவள் என்று பெண்பாலில் எழுதினேன், தற்செயலாக அல்ல. 1993 மே 10 அன்று பாங்காக்கை ஒட்டிய கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 188 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று ஷென்ஜென் நகரில் ஹாங்காங் முதலாளிக்குச் சொந்தமான ஜிலி பொம்மைத் தொழிற்சாலையில் 87 பேர். வெளியே போகும் வழிகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கம்பி. இரண்டு இடத்திலும் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஜிலியின் இடிபாடுகளில் அந்தப் பெண்களின் கடிதங்கள் கிடைத்தன. ஊருக்கு எழுதியவை, ஊரிலிருந்து வந்தவை, வேறு நகரத்துத் தொழிற்சாலையில் இருந்த தோழிக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு எழுதியவை. ஆய்வாளர்கள் அவற்றைப் பின்னர் படித்து எழுதினார்கள். அவை சாதாரணப் பொம்மைத் தொழிற்சாலைகள், ஓவியர்களின் பொம்மைக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதை மறைத்து நான் யாரையும் குற்றக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. ஆனால் ஆறு ஆண்டு கழித்து ஹாங்காங்கில் பொம்மைக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தபோது, கொண்டாட்டத்தில் அந்தப் பக்கம் பார்த்தவர்கள் குறைவு. பொம்மை பெயரற்றவர்களின் பொருளாக இருந்த காலம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. காசிங் லுங் ஒரு கண்ணை வரைகிறார், அந்தக் கண்ணை லட்சக்கணக்கில் பதிப்பது சீனாவிலும் வியட்நாமிலும் உள்ள வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள். சிலிக்கான் திண்டால் ஒரு ஒற்று, அடுத்தது, ஒரு ஒற்று, அடுத்தது. விளையாட்டு செய்கிறவரிடம் போய்விட்டது என்று எழுதினேனே, அந்தச் செய்கிறவரில் இவர்கள் சேர்த்தி இல்லை. ஒற்றுகிற கையில் விளையாட்டு இருக்க இடமில்லை. ஹாங்காங் அடுக்குமாடியில் இதழ் கோர்த்த பிள்ளையின் கை அது, ஊர்தான் மாறியிருக்கிறது.

மென்மையான வினைலுக்கு ஒரு குணம் உண்டு. தன்னை இளக வைத்திருக்கும் எண்ணெயை அது உள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. ஆண்டுகள் போகப் போகக் கசியவிடும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் காற்றோட்டமில்லாமல் அடைத்து வைத்தால் கசிந்தது மேலேயே நின்று பிசுக்காகப் படிகிறது. தூசி வந்து ஒட்டுகிறது, அடர்ந்த நிறம் பக்கத்து வெள்ளைக்குத் தாவுகிறது, நின்ற வாக்கிலேயே கால் மடிந்து பொம்மை சாய்கிறது. நல்லபடி காப்பாற்ற வேண்டும் என்று இறுக்கி மூடியவையே அதிகம் வேர்க்கின்றன. எழுபதுகளில் பிள்ளைகள் குளிக்கும்போது கூட எடுத்துப்போய், வெயிலில் போட்டு, கடித்துத் துப்பிய ராட்சசர்களில் சில காது போய் வால் போய்த் தோல் காய்ந்து கம்பீரமாக நிற்பதைச் சேகரிப்பாளர்களின் படங்களில் பார்க்கிறேன். அவர்களுக்குள் பிசுக்கைப் போக்கும் வழி பற்றி ஓயாத சர்ச்சை. இளஞ்சூட்டு நீரில் சோப்புக் கரைத்துக் கழுவு, நிழலில் உலர்த்து, சோளமாவைத் தூவித் துடை என்பது ஒரு கட்சி. தொடவே தொடாதே, விலை போய்விடும் என்பது இன்னொரு கட்சி. தொழிற்சாலையில் ஒற்றிய வண்ணம் கழுவுவதைத் தாங்கும். கஸ்டம் பொம்மைகளின் பாடுதான் திண்டாட்டம், அடியிலிருந்து கசிகிற எண்ணெய் மேலே உள்ள அக்ரிலிக்கைத் தூக்கிவிட்டிருக்கும், துடைத்தால் ஓவியர் வரைந்த கண் துணியோடு வந்துவிடக்கூடும். வந்துவிட்டால், உடையவர் ஒரு தூரிகையை வாங்கி வேறு கண் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.